‘க்ராங்கன்ஷ்வெஸ்டர்’: ஜெர்மன் கூட்டுச்சொல்லைப் பிரித்து வேர் பார்ப்பது எப்படி

நாகர்கோவில் பக்கம் நர்சிங் படித்துவிட்டு, ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வெழுதி, இப்போது பவேரியாவின் வடக்கே பாம்பெர்க் நகரில் குடியிருக்கிறேன். வேலை முதியோர் வார்டில். ஊரிலிருந்து புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “அக்கா, இவ்வளவு நீள வார்த்தையெல்லாம் எப்படிக்கா ஞாபகம் வச்சுக்கிறது?”

மனப்பாடம் செய்யாதீங்க, பிரிங்க என்பேன். பிரித்து முடித்ததும் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன வயது, முன்பு என்ன பொருளில் இருந்தது என்று தேடுங்க. அதைச் செய்கிற முறையை நம் தொழிலின் பழைய பெயரை வைத்தே சொல்கிறேன். நர்ஸுக்கு ஜெர்மனியில் நெடுங்காலம் வழங்கிய பெயர் க்ராங்கன்ஷ்வெஸ்டர்.

முதலில் சொல்லை வலப்பக்கத்திலிருந்து பிடியுங்கள். ஜெர்மன் கூட்டுச்சொல்லில் கடைசித் துண்டுதான் தலை. அது என்ன பொருளோ, முழுச்சொல்லும் அந்த வகைப் பொருள்தான். க்ராங்கன்ஹவுஸ் ஒரு வீடு, அதாவது மருத்துவமனை. க்ராங்கன்வாகன் ஒரு வண்டி, நம் ஆம்புலன்ஸ். க்ராங்கன்காஸெ ஒரு பணப்பெட்டி. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகிறதே, அந்த மருத்துவக் காப்பீடு. ஜெர்மன் பேரரசின் சான்ஸலர் பிஸ்மார்க் காலத்தில் 1883ல் வந்த சட்டம் அது. க்ராங்கன்ஷ்வெஸ்டர் ஒரு ஷ்வெஸ்டர், சகோதரி. நமக்கு இது புதிதே அல்ல. மாட்டுவண்டி என்றால் வண்டிதானே, மாடு இல்லையே. டெர், டீ, டஸ் என்ற பால்குறியையும் கடைசித் துண்டே முடிவு செய்கிறது. ஹவுஸுக்கு டஸ் என்பதால் டஸ் க்ராங்கன்ஹவுஸ், வாகனுக்கு டெர் என்பதால் டெர் க்ராங்கன்வாகன், ஷ்வெஸ்டருக்கு டீ என்பதால் டீ க்ராங்கன்ஷ்வெஸ்டர். கடைசித் துண்டின் பால் தெரிந்தால் நூறு சொற்களின் பால் தெரிந்த மாதிரி.

அடுத்து ஒட்டு. இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் என்ன எழுத்து நிற்கிறது என்று பாருங்கள். ‘நோயுற்ற’ என்பதற்கான சொல் க்ராங்க். ஆனால் இங்கே க்ராங்கன் என்று ஓர் ‘என்’ வந்திருக்கிறது. நோயுற்றவர் என்று அந்தப் பெயரடை பெயர்ச்சொல்லாக மாறியபோது கிடைத்த விகுதி அது. இன்னொரு வகை ஒட்டும் உண்டு. கெஸுண்ட்ஹைட் என்றால் உடல்நலம். அது இன்னொரு சொல்லோடு சேரும்போது நடுவே ஓர் ‘ஸ்’ முளைக்கும்: கெஸுண்ட்ஹைட்ஸ். இந்த ‘ஸ்’ வேற்றுமை உருபு அல்ல. கெஸுண்ட்ஹைட் பெண்பால் சொல். ஆறாம் வேற்றுமையிலும் அதற்கு ‘ஸ்’ வராது. சேர்க்கும்போது மட்டும்தான் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்பதாம் வகுப்புத் தமிழையா நினைவுக்கு வந்தார். பனை, காய் சேர்ந்தால் பனங்காய். நடுவில் வந்த ‘அம்’ என்ன? சாரியை. மரம், கிளை சேர்ந்தால் மரத்துக்கிளை. நடுவில் ‘அத்து’ச் சாரியை. ஜெர்மன்காரர்கள் ‘ஃபூகன்எலெமென்ட்’ என்று ஒரு அத்தியாயமே எழுதுவது இதைப்பற்றித்தான். ஹைட், கைட், உங், ஷாஃப்ட் என்று முடிகிற சொல் முன்னால் நின்றால் பெரும்பாலும் ‘ஸ்’ சாரியை வரும். இது ஒன்றைக் கையில் வைத்திருந்தால் எவ்வளவு நீளச் சொல்லானாலும் எங்கே வெட்டுவது என்று கண் தானாகக் கண்டுபிடித்துவிடும்.

வெட்டியாயிற்று. இப்போதுதான் உண்மையான வேலை. இரண்டு துண்டுக்கும் நடுவே மறைந்திருக்கும் உறவு என்ன?

இருமல் மருந்து, மூலிகை மருந்து, குழந்தை மருந்து. மூன்றும் ஒரே அமைப்பு. ஆனால் முதலாவது இருமலைப் போக்குகிற மருந்து, இரண்டாவது மூலிகையால் செய்த மருந்து, மூன்றாவது குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஜெர்மனில் ஆர்ட்ஸ்ட் என்றால் மருத்துவர். ட்ஸான்ஆர்ட்ஸ்ட் பல்லுக்கு வைத்தியம் செய்பவர், கிண்டர்ஆர்ட்ஸ்ட் குழந்தைகளுக்கு வைத்தியம் செய்பவர். ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் வீட்டுக்கு வைத்தியம் செய்பவர் அல்ல, குடும்ப மருத்துவர். தொக்கி நிற்பது என்ன என்பதை எந்த எழுத்தும் காட்டாது. வழக்கறிந்துதான் விரிக்க வேண்டும். அப்படி விரித்தால் க்ராங்கன்ஷ்வெஸ்டர் என்பது ‘நோயுற்றவர்களுக்குப் பணிவிடை செய்யும் சகோதரி’. நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. க்ராங்கெ ஷ்வெஸ்டர் என்று ‘ன்’ இல்லாமல் இரண்டு சொல்லாகச் சொன்னால் ‘நோயுற்ற சகோதரி’ என்று ஆகிவிடும். அது பண்பைச் சொல்லும் தொடர். பேசும்போது ‘ன்’ அமுங்கிப்போகும், அதனால் அழுத்தத்தைக் கவனியுங்கள். கூட்டுச்சொல்லில் முதல் துண்டில் பலமான அழுத்தம் விழும்: க்ராங்கன்-ஷ்வெஸ்டர். தனிச்சொற்களானால் ஷ்வெஸ்டரில் விழும். காதில் ஏறும்வரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இனி வேர். இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். டி.டபிள்யூ.டி.எஸ். என்ற இலவச இணைய அகராதியில் சொல்லைத் தட்டினால் ‘எட்டிமொலொகீ’ என்ற தலைப்பில் வரலாறு வரும். நூலகத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்பினால் க்ளூகெ என்ற வேர்ச்சொல் அகராதியைக் கேளுங்கள். 1883ல் முதலில் வெளிவந்து இன்றுவரை திருத்தப்பட்டு வருவது. இவற்றில் சொல்லுக்கு முன்னால் ‘ஆ.ஹா.டே.’ என்ற சுருக்கம் இருந்தால் பழைய உயர் ஜெர்மன், ஏறத்தாழ 750 முதல் 1050 வரை. ‘எம்.ஹா.டே.’ என்றால் இடைக்கால உயர் ஜெர்மன், அதற்குப்பின் சுமார் 300 ஆண்டு. சொல்லின் தலையில் நட்சத்திரக்குறி இருந்தால் அது எந்த ஏட்டிலும் கிடைக்காத வடிவம், அறிஞர்கள் கணித்து எழுதியது. இந்த மூன்றும் தெரிந்தால் போதும், பக்கத்தைப் படித்துவிடலாம்.

க்ராங்க் என்பதைத் தேடினேன். இடைக்கால ஜெர்மனில் அதற்கு நோய் என்ற பொருளே முதன்மையாக இல்லை. மெலிந்த, பலமில்லாத, தளர்ந்த. அவ்வளவுதான். அப்போது நோய்க்கு வேறு சொல் இருந்தது: ஸீஹ். ஆங்கிலத்தில் ‘சிக்’ என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு. கொள்ளைநோயைக் குறிக்கும் ஸோய்ஹெ என்ற சொல்லும் அதே குடும்பம். நோயாளியை ‘பலமில்லாதவர்’ என்று மென்மையாகச் சொல்லிச் சொல்லியே க்ராங்க் நோயைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஸீஹ் ஓரம் போய், தீராத நெடுநோய்க்கு மட்டும் என்று சுருங்கியது.

பாம்பெர்கில் ஸீஹன்ஷ்ட்ராஸெ என்று ஒரு தெரு இருக்கிறது. எத்தனையோ முறை பெயர்ப்பலகையைப் பார்த்தும் பொருள் யோசிக்காமல் போயிருக்கிறேன். நோயாளிகள் தெரு. இடைக்காலத்தில் தொழுநோயாளிகளை ஊர்ச்சுவருக்கு வெளியே ஒதுக்கி வைத்த விடுதிகளுக்கு ஸீஹன்ஹவுஸ் என்று பெயர். அகராதியை மூடிவிட்டு அடுத்த நாள் அந்தத் தெருவில் நின்று பலகையை மறுபடி படித்தேன். வேர் தேடுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: நின்று பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது.

இந்தப் பொருள்மாற்றம் விசித்திரமாகத் தோன்றினால் நம் வீட்டுப் பேச்சை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் என்றால் “மேலுக்கு முடியல” என்கிறோம். “பாட்டிக்கு ரொம்ப முடியல” என்று போன் வந்தால் என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. முடியாமையைச் சொல்லி நோயைக் குறிக்கிறோம். ஜெர்மானியர்களும் அப்படித்தான் க்ராங்க் என்றார்கள்.

ஷ்வெஸ்டர் என்ற துண்டுக்கு இவ்வளவு அலைய வேண்டாம். இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இருக்கும் பழைய உறவுச்சொல். சமஸ்கிருத ஸ்வஸ்ரு, லத்தீன் சொரோர், ஆங்கில சிஸ்டர் எல்லாம் ஒரே குடும்பம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நோயாளியைப் பார்த்துக்கொள்பவள் ஏன் சகோதரி ஆனாள்?

காரணம் கன்னியர் மடம். நோயாளிகளைப் பராமரித்தவர்கள் கத்தோலிக்கத் துறவுச் சபைகளின் சகோதரிகள். 1836ல் டியுஸெல்டார்ஃப் அருகே கைஸர்ஸ்வெர்த் என்ற ஊரில் தேயோடோர் ஃப்லீட்னர் என்ற புராட்டஸ்டண்ட் போதகரும் அவர் மனைவி ஃப்ரீடெரிகெவும் டியாகோனிஸ்ஸன் என்ற பணிப்பெண்கள் இல்லத்தைத் தொடங்கினார்கள். மணமாகாத பெண்கள் அங்கே சேர்ந்து நோயாளிப் பராமரிப்பு படித்தார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851ல் சில மாதங்கள் பயிற்சி பெற்றது இங்கேதான். அந்த இல்லத்துக்கு முட்டர்ஹவுஸ், தாய்வீடு என்று பெயர். சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு, முதுமையில் ஆதரவு எல்லாம் தாய்வீடு தரும். சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. சகோதரி என்ற சொல்லுக்குள் அன்பும் இருந்தது, கூலியில்லா உழைப்பும் இருந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் “சிஸ்டர்” என்று கூப்பிடுவது ஆங்கிலம் வழியாக வந்த வழக்கம். அதன் பின்னாலும் கன்னியர் மடம்தான் நிற்கிறது.

ஆகவே கூட்டுச்சொல்லின் வேர் தேடும்போது துண்டுகளின் வேரோடு நிறுத்தாதீர்கள். சேர்த்தது யார், எந்தக் காலத்தில், எதற்காக என்பதையும் தேடுங்கள். தொழிற்பெயர் என்றால் சட்டத்தையும் பாருங்கள், ஏனென்றால் ஜெர்மனியில் இந்தப் பெயர்களைச் சட்டம்தான் முடிவு செய்கிறது. 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் க்ராங்கன்ஷ்வெஸ்டர் என்ற பெயரை விட்டுவிட்டு ‘கெஸுண்ட்ஹைட்ஸ் உண்ட் க்ராங்கன்ப்ஃலேகெரின்’ என்று மாற்றியது. உடல்நலத்தையும் நோயாளிகளையும் பேணுபவள். 2020 ஜனவரியில் இன்னொரு மாற்றம். நோயாளிப் பராமரிப்பு, குழந்தைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு என்று தனித்தனியாக இருந்த படிப்புகளைச் சேர்த்துப் பொதுவான மூன்றாண்டுப் படிப்பு வந்தது. பெயர் ப்ஃலேகெஃபாஹ்ஃப்ராவ், ஆணுக்கு ப்ஃலேகெஃபாஹ்மான்.

இந்தச் சொல்லை மேலே சொன்ன முறையில் நீங்களே பிரித்துப் பாருங்கள். ஃப்ராவ் தலை, இன்று பெண். பழைய ஜெர்மனில் ஃப்ரோவ்வா என்றால் எஜமானி, சீமாட்டி. ஃபாஹ் என்றால் அறை, தட்டு, பாடப்பிரிவு. பாம்பெர்கின் பழைய வீடுகளில் சுவரில் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இடையில் அடைத்த கட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஃபாஹ். ஒரு கட்டத்தை முழுக்க அறிந்தவர் ஃபாஹ்மான், ஃபாஹ்ஃப்ராவ்.

ப்ஃலேகெ என்ற துண்டில்தான் நான் வெகுநேரம் நின்றேன். இன்று பராமரிப்பு என்று பொருள். வினைச்சொல் ப்ஃலேகென். ஆயிரம் ஆண்டுக்கு முன் ப்ஃலெகன் என்றால் ‘ஒன்றுக்குப் பொறுப்பேற்று நிற்பது’. அதிலிருந்து கிளைத்தது ப்ஃலிஹ்ட், கடமை. ஆமாம், ஜெர்மனில் கடமை என்ற சொல்லும் பராமரிப்பு என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பவேரியாவில் முற்காலத்தில் அரசனுக்காக ஒரு கோட்டையையும் வட்டாரத்தையும் நிர்வகித்த அதிகாரிக்கும் ப்ஃலேகர் என்றே பெயர். பொறுப்பு என்ற நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். பொறு, சுமையைத் தாங்கு என்பதிலிருந்து வந்தது. சுமப்பவர்தான் பொறுப்பாளர்.

ப்ஃலேகெ என்றால் உடம்பு துடைப்பதும் படுக்கை மாற்றுவதும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இங்கேயும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. அவர்களிடம் நான் இந்த வேரைச் சொல்கிறேன். முதுகில் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுகிறவள் அந்த முதுகுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். சொல்லே அப்படித்தான் பிறந்திருக்கிறது.

பெயர் மாறியதால் நோயாளிகளின் வாய் மாறிவிடவில்லை. சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, மூன்று மணி இருக்கும், தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி மணியடித்தார். நான் கதவைத் திறந்ததும் “ஷ்வெஸ்டர்” என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, மன்னிப்புக் கேட்டார். இப்போதெல்லாம் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று பேத்தி சொல்லியிருக்கிறாளாம். “பிறகு என்னவென்று கூப்பிட?” என்றார். என் பெயரைச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, முன்னால் ஷ்வெஸ்டர் சேர்த்தே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, அவர் தூங்கும்வரை கையைப் பிடித்திருந்தேன். சான்றிதழில் ப்ஃலேகெஃபாஹ்ஃப்ராவ் என்று இருப்பதை நான் மதிக்கிறேன். அது சம்பளமும் படிப்பும் பொறுப்பும் உள்ள பெயர். அந்த அறையில் ஷ்வெஸ்டர் என்று கூப்பிட்டதற்கும் மனதாரப் பதில் சொன்னேன்.

வேர் தேடுபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ஒலி ஒற்றுமை. இதற்கு நல்ல பாடம் ஹேபம்மெ, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பார்த்தவுடன் ஹேபென், தூக்குதல். அம்மெ, பால் கொடுக்கும் செவிலித்தாய் என்று பிரிக்கத் தோன்றும். முதல் பாதி சரி, இரண்டாவது தவறு. பழைய வடிவம் ஹெவிஅன்னா. அதன் பின்பாதி அனா, பாட்டி. குழந்தையைத் தூக்கி எடுக்கும் பாட்டி! பிற்காலத்தில் அனா என்ற சொல் மக்களுக்கு மறந்துபோக, காதுக்குப் பழகிய அம்மெயை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். நாட்டார் சொல்விளக்கம் சொல்லின் வடிவத்தையே மாற்றிய கதை இது. முன்னோர்களைக் குறிக்கும் ஆனன் என்ற சொல்லில் அந்தப் பாட்டி இன்னும் இருக்கிறாள். பேரப்பிள்ளையைக் குறிக்கும் எங்கெல் என்ற சொல்லும் அதே வேரின் குறுக்க வடிவம். நாமும் பேரன் என்ற சொல்லைப் பெயரன் என்பதிலிருந்துதானே பெற்றோம், தாத்தா பெயரைத் தாங்குபவன் என்று.

அம்மெயைக் கண்டதும் நம் அம்மாவோடு முடிச்சுப் போட ஆசை வரும். எனக்கும் வந்தது. போடாதீர்கள். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் எந்த நாட்டிலும் மா, பா, அம்ம என்றுதான் இருக்கும். அதை வைத்து மொழியுறவு பேச முடியாது. பழைய எழுத்து வடிவம் கிடைக்காமல் ஒலியை மட்டும் நம்பி எதையும் நோட்டில் எழுதாதீர்கள்.

அதேபோல, சொல் உள்ளூர்ச் சொல்லாகத் தோன்றுவதாலேயே உள்ளூரில் பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்ட்ஸ்ட் எவ்வளவு ஜெர்மனாக ஒலிக்கிறது! மூலம் கிரேக்கம்: அர்ஹியாட்ரோஸ், தலைமை மருத்துவர். லத்தீன் வழியாக வந்து தேய்ந்து தேய்ந்து ஓரசை ஆகிவிட்டது. ப்ஸூஹியாட்டர் என்ற மனநல மருத்துவரின் வாலில் இருப்பதும் அதே கிரேக்க மருத்துவர்தான்.

என் நோட்டு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே முழுச்சொல், டெர் டீ டஸோடு. கீழே துண்டுகள், சாரியைக்குச் சிவப்பு மை. பிறகு தொகையை விரித்துத் தமிழில் ஒரு வரி. அதன்கீழ் ஒவ்வொரு துண்டுக்கும் பழைய வடிவம், பழைய பொருள், உடன்பிறந்த சொற்கள். கடைசியில் அந்தச் சொல்லை வார்டில் யார் வாயில் எப்போது கேட்டேன் என்று தேதியோடு. கடைசி வரிதான் நினைவில் நிறுத்துகிறது. வாரம் ஒரு சொல் போதும்.

விண்ணப்பம் எழுதுபவர்களுக்கு ஒன்று. ப்ஃலேகெஃபாஹ்ஃப்ராவ் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். அங்கீகாரச் சான்று கைக்கு வரும்வரை அதை உங்கள் பெயரோடு எழுதக் கூடாது. பழைய சட்டப்படி க்ராங்கன்ஷ்வெஸ்டர் என்று சான்று பெற்றவர்கள் அந்தப் பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் வார்டின் மூத்த சகோதரிகள் சிலர் அப்படித்தான் கையெழுத்துக்குக் கீழே எழுதுகிறார்கள்.

பழகிப் பார்க்க ஒரு சொல் தருகிறேன்: ஆல்டன்ப்ஃலேகெரின், முதியோரைப் பராமரிப்பவள். க்ராங்கனில் பார்த்த அதே ‘என்’ ஆல்டனிலும் நிற்கிறது. பின்பாதி உங்களுக்கு இப்போது தெரியும். ஆல்ட், முதிய, என்ற துண்டை மட்டும் அகராதியில் தேடுங்கள். அது உங்களை லத்தீன் அலெரே என்ற வினையின் உறவுக்குக் கொண்டுபோய் விடும். அதற்கு ஊட்டி வளர்ப்பது என்று பொருள். ஆல்ட் என்றால் முதலில் ‘வளர்ந்த’ என்றுதான் இருந்தது.